கண் மூடிய டிக்கெட்

ஹலசூர்வாசி:

போன டிசம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கம்போடியா போய்வந்தேன். பெங்களூரிலிருந்து பாங்காக், அங்கிருந்து சியெம் ரீப். அங்கோர் வாட் கோயிலைப் பற்றி எழுத இங்கே என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் டிக்கெட் வாங்கிய கதையை மட்டும் சொல்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் முழிப்பது அங்கேதான்.

கோயில் வாசலில் டிக்கெட் விற்பதில்லை. சியெம் ரீப் ஊருக்குள்ளிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி, கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு டிக்கெட் அலுவலகம் கட்டி வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் நேர் வழியில் அது வராது. தெரியாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனால், வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டுக்டுக் பிடித்தால் கவலை இல்லை, ஓட்டுநரே முதலில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்.

ஒரு நாளைக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62, 7 நாளுக்கு 72. 2017 பிப்ரவரியில் ஏற்றிய விலை. அதற்கு முன்னால் 20, 40, 60 என்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் 3 நாள் டிக்கெட் எடுத்தால் 124 டாலர், நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். நான் ஒரு நாள் டிக்கெட்டின் கணக்கை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அதற்கே, "பெருமாளைப் பார்க்க மூவாயிரமா? திருப்பதியிலேயே முந்நூறுதானே வாங்கறான்?" என்றார். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் 2 டாலர் அங்கே உள்ள காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்று சொன்ன பிறகு கொஞ்சம் சமாதானமானார். "அப்ப சரி. உண்டியல்ல போட்டதா இருக்கட்டும்."

கவுன்ட்டரில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். முகம் அச்சடித்த டிக்கெட் கையில் வரும். இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. இதை நான் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி உட்கார வைத்து, ரெடியா என்று கேட்டு எடுப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பொட்டைச் சரிசெய்தார், முந்தானையை இழுத்துவிட்டார், என் பக்கம் திரும்பி "தலை கலைஞ்சிருக்கா?" என்று கேட்டார். மறுபடி அந்தக் குட்டிக் கேமரா பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டிய அதே நொடியில் எடுத்து முடித்துவிட்டாள் அந்தப் பெண். டிக்கெட்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். இன்னொன்று எடுக்கச் சொல்லலாம் என்று பார்த்தால், பின்னால் சீனக் குழு ஒன்று நாற்பது பேர் நிற்கிறது.

மூன்று நாளும் இதே கூத்துதான். ஒவ்வொரு கோயில் வாசலிலும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள். பான்தேய் ஸ்ரேயில் ஒரு காவலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அம்மா உடனே கண்ணை மூடிக் காட்டினார். "ஓகே, ஓகே" என்று கும்பிட்டு உள்ளே விட்டார் அந்த மனிதர்.

இன்னும் ஒன்று. டாலர் நோட்டு புதிதாக இருக்க வேண்டும். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு கடையில் மாற்றிய 20 டாலர் நோட்டு ஒன்றின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். நான் கவனிக்கவே இல்லை. கவுன்ட்டரில் அதை மட்டும் தனியாக எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த நாட்டில் எங்கே நீட்டினாலும் அது செல்லவில்லை. அலுவலகத்தில் கார்டு வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் தப்பித்தேன்.

சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால் மறுநாள் தேதிக்கு டிக்கெட் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு அன்றைக்கே அஸ்தமனமும் பார்த்துக்கொள்ளலாம், நாள் கணக்கில் சேராது. அங்கோர் வாட் ஐந்தரைக்குச் சாத்திவிடுவார்கள். ப்ரே ரூப், ப்னோம் பாக்கெங் என்ற இரண்டு கோயில்களும் 7 மணி வரை திறந்திருக்கும். நாங்கள் ப்ரே ரூப் போனோம். ஏற்றம் செங்குத்து. அம்மா கீழேயே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எந்த ஊர்க் கோயிலாக இருந்தாலும் சரி.


பானஸ்வாடி மருமகள்:

அண்ணா, உங்க அம்மாவை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது. எங்கள் கதை ஹம்பியில் நடந்தது.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு இரண்டு அக்கா. பெரிய மச்சாள் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான், சின்ன மச்சாள் டொரண்டோவில். இரண்டு பேரும் ஒன்றாக பெங்களூர் வந்தபோது, ராத்திரி ரயிலில் ஹொஸ்பேட் போய் ரூம் எடுத்து, காலையில் விட்டல கோயிலுக்குப் போனோம். கார் நிறுத்துமிடத்திலிருந்து பேட்டரி வண்டி, அதற்குத் தனிக் காசு. அப்புறம் கவுன்ட்டர்.

போர்டில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 என்று இருந்தது. எல்லோரும் பார்ப்பது அந்த இரண்டு எண்களைத்தான். அதற்குக் கீழே உள்ளதை யாரும் படிப்பதில்லை. சார்க், பிம்ஸ்டெக் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் கூட்டமைப்பு இரண்டு இருக்கிறது, அந்த நாட்டுக்காரர்களுக்கும் இந்தியருக்கு உள்ள அதே 40தான். இலங்கை இரண்டிலும் இருக்கிறது. ஆக ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே மூக்கு, ஒரே சிரிப்பு. பெரியவருக்கு 40, சின்னவருக்கு 600!

சின்ன மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. கனடா பாஸ்போர்ட் வாங்கினதுக்கு இதுவும் ஒரு கணக்கு என்று சிரித்துவிட்டார். சிக்கல் பெரியவருக்குத்தான் வந்தது. பாஸ்போர்ட்டை ஹொஸ்பேட் ரூமில் வைத்துவிட்டு வந்திருந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், பாஸ்போர்ட்டைக் காட்டினால் 40 ரூபாய் டிக்கெட் தருகிறேன் என்றார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "தமிழ்தானே பேசறீங்க, இந்தியன்னு சொல்லிட்டுப் போங்க" என்று காதோடு சொன்னார். மச்சாள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"எனக்குக் காசு பிரச்சினை இல்லை. எங்கட நாட்டுக்காரருக்கு நாப்பது எண்டு போர்டில எழுதி வச்சிருக்கினம். பிறகேன் நான் பொய் சொல்லோணும்?"

ஹொஸ்பேட் அங்கிருந்து 13 கிலோமீட்டர். ஆட்டோவில் போய்த் திரும்பும் செலவில் மிச்சமாகும் 560 ரூபாயும் கரைந்துவிடும் என்று இவர் கணக்குச் சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் இவர் ஆட்டோவில் போனார். நாங்கள் விருபாட்சர் கோயிலுக்குப் போய்விட்டோம், அங்கே பூஜை நடக்கிறது, தொல்லியல் துறையின் இந்த டிக்கெட் தேவையில்லை.

மத்தியானம் திரும்பி வந்து பெரிய மச்சாள் தன் கையாலேயே பாஸ்போர்ட்டையும் ஐம்பது ரூபாய் நோட்டையும் நீட்டினார். பத்து ரூபாய் மீதி வந்தது. சின்னவருக்கு நான் என் போனில் ஸ்கேன் செய்து கட்டினேன். ரொக்கமாகக் கொடுத்தால் 600, ஆன்லைனில் 550. (இந்தியருக்கு 40, ஆன்லைனில் 35.) அவர் பையனுக்குப் 14 வயது, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட்டே இல்லை, எந்த நாடானாலும். உள்ளே கல் ரதத்தைப் பார்த்ததும் அவன் மாமாவிடம் இன்னொரு ஐம்பது ரூபாய் நோட்டைக் கேட்டு வாங்கினான். நோட்டின் பின்பக்கம் இருப்பது அதே ரதம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டைத் தூக்கிப் பிடித்து ரதத்தோடு பொருத்திப் பார்த்தபடியே அரை மணி நேரம் நின்றான்.

ஒரு குறை. அந்த டிக்கெட்டிலேயே அதே நாளில் தாமரை மகால், யானைக் கொட்டில், கமலாபுரம் மியூசியம் எல்லாம் பார்க்கலாம். எங்களுக்கு மியூசியம் பார்க்க நேரமில்லாமல் போனது. டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், யானைக் கொட்டில் பக்கம் மறுபடி கேட்பார்கள்.


மாட்டுங்கா பையன்:

இப்போது வேலை வைட்ஃபீல்டில், பிறந்து வளர்ந்தது மும்பை. பிறந்து வளர்ந்த ஊரிலேயே ஏமாந்த கதை என்னுடையது.

திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். எலிஃபென்டா குகைக்குக் கூட்டிப்போகிறேன் என்று பெருமையாக, படகு ஏறும் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போனால், அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். பெரியப்பா, "ஏல, நீ இந்த ஊர்லதான இருக்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் போனோம். படகு டிக்கெட்டிலேயே எல்லாம் சேர்த்தி என்று நினைத்திருந்தேன், இல்லை. படகுக்குத் தனி, தீவில் இறங்கியதும் பஞ்சாயத்து வரி என்று ஒரு சின்னத் தொகை தனி, 120 படி ஏறி மேலே போனால் குகைக்கு 40 ரூபாய் தனி. மூச்சு வாங்க மேலே வந்து நின்ற பெரியப்பா பர்ஸை என் கையில் கொடுத்துவிட்டார், "எங்கெங்க கேக்கானோ நீயே குடு." உள்ளே மூன்று முகச் சிவனைப் பார்த்தபிறகு அவர் எதைப் பற்றியும் பேசவில்லை. திரும்பும் படகுக்கும் அதே டிக்கெட்தான், அதை நான் தொலைத்த கதை வேறு.


ஆர்.டி. நகர் அக்கா:

பானஸ்வாடி தங்கச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களிடம் ஓ.சி.ஐ. கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுப்பது) இருந்தால் அவர்களுக்கும் இந்தியர் டிக்கெட்தான். கார்டைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். என் தம்பி பட்டடக்கல்லில் கார்டு இல்லாமல் நின்று, கன்னடத்தில் வேறு பேசிப் பார்த்தான். நடக்கவில்லை, முழுசாக 600 கட்டினான்.

ஹலசூர் தம்பிக்கு ஒரு கேள்வி. ஏப்ரலில் நாங்கள் அங்கோர் போகிறோம். பெண்ணுக்குப் 11 வயது. அவளுக்கும் 37 டாலரா?


ஹலசூர்வாசி:

இல்லக்கா. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். வயதுக்கு அத்தாட்சியாகப் பாஸ்போர்ட் கேட்பார்கள், அவள் பாஸ்போர்ட்டைத் தினமும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கு அந்த வயதுப் பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். அவளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய் அழ வேண்டாம். பெரியவர்களுக்கும் தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். ஏப்ரல் வெயில் நம் வேலூர் வெயில் மாதிரி இருக்கும், அதனால் 3 நாள் டிக்கெட்டே வாங்குங்கள். தொடர்ந்து மூன்று நாள் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஒரு நாள் ரூமில் படுத்துத் தூங்கலாம்.

ஹம்பிக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விருபாட்சருக்கு டிக்கெட் இல்லை, விட்டலருக்கு உண்டு என்றதும் பிடித்துக்கொண்டார். போன வருஷம் இரண்டு ஹொய்சாளக் கோயில் பார்த்தோம். பேலூரில் பூஜை நடக்கிறது, டிக்கெட் கேட்கவில்லை. சோமநாதபுரத்தில் பூஜை இல்லை, டிக்கெட் வாங்கினார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கும் டிக்கெட் இல்லை, மாமல்லபுரத்தில் உண்டு. "நம்ம ஊர்ல சாமியைச் சீக்கிரம் பார்க்க டிக்கெட். இங்கெல்லாம் சாமி இல்லாத இடத்துக்கு டிக்கெட்டா?" என்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

அங்கோர் மட்டும் அவர் கணக்கில் அடங்கவில்லை. மேற்கு வாசல் கோபுரத்துக்குள் எட்டுக் கையோடு விஷ்ணு நிற்கிறார். அங்கே உள்ளவர்கள் தா ரீச் என்கிறார்கள், மஞ்சள் துணி சாத்தி ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அம்மா அவர்களோடு முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். டிக்கெட் பரிசோதிக்கும் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து, அவர் எழுந்திருக்கும்வரை நின்றாள்.

அந்த டிக்கெட் இப்போது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது. தேதி முடிந்தது, தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். கும்பிடும்போது எடுத்த மாதிரி இருக்கு, இருக்கட்டும் என்கிறார்.