1999இல் பிறந்தவளின் சாதகக் குறிப்புக்கு எந்த நேரம் சரி?

உவர்மலை அக்கா:
தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிறோம். 1999 ஆவணி நடுப்பகுதி (முழுத் திகதி இங்கே வேண்டாம்), திருகோணமலை டவுனில் காலை 9.20க்குப் பிறந்தவள். சின்ன வயதில் அம்மம்மா எழுதுவித்த குறிப்பில் கன்னி லக்கினம் (பிறக்கும் நேரம் கிழக்கில் உதிக்கிற ராசி), போனில் ஒரு செயலியில் போட்டால் துலாம். மாப்பிள்ளை வீட்டார் செயலியைப் பார்த்துவிட்டு ‘செவ்வாய் இருக்கே’ என்று செவ்வாய் தோஷம் சொல்கிறார்கள். நட்சத்திரம் இரண்டிலும் ஒன்றுதான். வாக்கியம், திருக்கணிதம் என்ற குழப்பமா இது?

சாம்பல்தீவான்:
அது வேறு பிரச்சினை அக்கா. அந்த இரண்டு பஞ்சாங்கமும் நட்சத்திரமோ திதியோ முடிகிற நேரத்தில்தான் அதிகம் இடிபடும். இது மணிக்கூட்டுப் பிரச்சினை. 1996இல் இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாடு என்று மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், அந்த மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வருடப்பிறப்புக்குத்தான் போனது. ஆகவே 9.20 என்பது பழைய நேரப்படி 8.50. ஆவணி நடுவில் சூரியன் சிங்கத்தில் நிற்பதால் பழைய நேரப்படி காலை ஏழு மணியளவில் கன்னி உதயமாகி ஒன்பதோடு முடியும். அம்மம்மாவின் சாத்திரியார் அரை மணித்தியாலத்தைக் கழித்திருக்கிறார், செயலி கழிக்கவில்லை. நட்சத்திரம் கிட்டத்தட்ட ஒரு நாள் நிற்கும், அதனால் தப்பியது.

மூதூர் தம்பி:
பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் மணிக்கூட்டை மாற்றவேயில்லை. எங்கள் வீட்டில் கடிதம் எழுதும்போதுகூட ‘ப.நே’, ‘பு.நே’ (பழைய நேரம், புதிய நேரம்) என்று போடுவார்கள். டவுன் என்றால் புதிய நேரம்தான், அரை மணித்தியாலம் கழியுங்கள்.

சாம்பல்தீவான்:
செவ்வாய்க் கதையும் அதோடு முடியும். அந்த வாரம் செவ்வாய்க் கிரகம் விருச்சிகத்தில். துலாத்திலிருந்து எண்ணினால் இரண்டாமிடம், தோஷக் கணக்கில் வரும். கன்னியிலிருந்து மூன்று, வராது. துலாம் என்றே வைத்தாலும் விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடு, அதற்கு விலக்குச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, முகூர்த்தத்துக்கும் செயலியை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரை தொடக்கம் பன்னிரண்டு என்பது சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் என்று வைத்துப் பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. தையில் இங்கே சூரியன் உதிக்க ஆறு இருபது தாண்டிவிடும், அப்போது அந்தக் கணக்கும் தள்ளிப்போகும்.

உவர்மலை அக்கா:
8.50 போட்டேன், கன்னி வந்துவிட்டது! அம்மா பழைய கொப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரிகிறா. இப்போது பார்த்தால் மாப்பிள்ளையும் 97ஆம் ஆண்டாம், அவருடைய குறிப்பும் அதே செயலியில் எடுத்ததாம். அதைத் திருப்பிப் போடச் சொல்லி எப்படிக் கேட்பது என்றுதான் வீட்டில் இப்போது பேச்சு.