ஓஷிமா படத்தின் முழுப் பதிப்பு யாரிடமாவது உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானிய இயக்குநர் நாகிசா ஓஷிமா 1976இல் எடுத்த 'இன் த ரெல்ம் ஆஃப் த சென்சஸ்' பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வயதுவந்தோருக்கான படம்தான், ஆனால் மலினமான படமல்ல. 1936இல் டோக்கியோவில் சதா ஆபே என்ற பெண் தன் காதலனைக் கொன்ற உண்மைச் சம்பவமே கதை. காமம் மெல்ல மெல்ல இருவரையும் உலகத்திடமிருந்து துண்டித்துவிடுகிறது. தெருவில் படைவீரர்கள் அணிவகுத்து வர, மக்கள் கொடியசைக்க, அந்தக் காதலன் கிச்சிஸோ மட்டும் எதிர்த்திசையில் ஓரமாக நடந்துபோவான். அந்த ஒரு காட்சி போதும், படத்தின் அரசியல் விளங்கிவிடும்.

ஜப்பானில் சட்டம் பாயும் என்பதால் படச்சுருளை பிரான்சுக்கு அனுப்பித்தான் கழுவினார்கள். என்னிடம் இருப்பதோ கண்டபடி வெட்டிய பிரதி; வசனவரிகளும் காட்சியோடு பொருந்தவில்லை. வெட்டுப்படாத பதிப்பை டிவிடியாகவோ புளூரேயாகவோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அதைவிட அவசரமாக வேண்டியது ஒன்று. திரைக்கதையும் புகைப்படங்களும் அடங்கிய நூலுக்காக ஓஷிமா மீது ஆபாச வழக்கு நடந்தது. 1982இல் மேல்முறையீட்டிலும் விடுதலையானார். அவர் நீதிமன்றத்தில் வாதிட்ட உரை 'சினிமா, சென்சார்ஷிப் அண்ட் த ஸ்டேட்' என்ற ஆங்கிலத் தொகுப்பில் இருக்கிறது. சென்னையில் எந்த நூலகத்திலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? இரவல் தந்தால் பத்திரமாகத் திருப்பித் தருவேன். திருட்டுப் பிரதிகளின் இணைப்புகள் வேண்டாம்.