அப்டேட்: தம்பிக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியாச்சு

இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த தம்பிக்கு 20,000க்குள்ள பழைய லேப்டாப் எது எடுக்கலாம்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல லெனோவோ திங்க்பேட் டி480 எடுத்தாச்சு, இன்டெல் ஐ5 எட்டாம் ஜெனரேஷன் ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 எஸ்எஸ்டி, பேரம் பேசி 18,500.

கடைல முதல்ல டி470 தான் காட்டுனாங்க, விலையும் கம்மி, ஆனா அதுல ஏழாம் ஜெனரேஷன் ப்ராசஸர், விண்டோஸ் 11 ஓட்டலாம்னு மைக்ரோசாஃப்ட் குடுத்த ப்ராசஸர் லிஸ்ட்ல அது வராது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சிருச்சு, நாலு வருஷம் ஓட்டணும்னா எட்டுக்கு கீழ போகாதீங்க.

பேட்டரிய மட்டும் கடைக்காரர் சொல்றத வச்சு முடிவு பண்ணிடாதீங்க ப்ளீஸ். கமாண்ட் ப்ராம்ப்ட்ல (விண்டோஸ்ல கமாண்ட் டைப் பண்ற விண்டோ) பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா புதுசா இருந்தப்ப எவ்ளோ கெப்பாசிட்டி, இப்ப எவ்ளோன்னு ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல வரும். இந்த டி480ல உள்ளுக்குள்ள ஒரு பேட்டரி, வெளிய கழட்டுற மாதிரி ஒண்ணு, வெளிய இருந்தது பாதிக்கும் கீழ போயிருந்துச்சு, காட்டுனதும் கடைக்கார அண்ணன் மறுபேச்சு இல்லாம வேற மாத்தி குடுத்தாரு. பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஓடுற செட்டிங்ஸ்) பாஸ்வேர்ட் இருக்கான்னும் பாத்துருங்க, ஆபீஸ்ல இருந்து கழிச்ச மெஷின்கள்ல இது இருக்கலாம், அந்த பாஸ்வேர்ட நீக்குறது பெரிய தலைவலி.

ரேம் ஸ்லாட் ரெண்டு இருக்கு, அடுத்த செமஸ்டர்ல இன்னொரு 8 ஜிபி போடணும்.