அவசரம்: எந்த ஃபைலும் திறக்கவில்லை, உதவுங்கள்

தூங்காவிழி: நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்த கணினி. காலையில் பார்த்தால் படம், வேர்டு ஃபைல் எதுவும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் 6 வருடப் படங்கள் உள்ளே. சீக்கிரம் சொல்லுங்கள்.

மரத்தடி: அந்த 'ஏதோ' என்ன எழுத்து? விண்டோஸ்தானே? பணம் கேட்டு எங்காவது குறிப்பு கிடக்கிறதா?

கீச்சுக்கிளி: ஹார்டு டிஸ்க் போகப்போகிறது. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் ஓட்டுங்கள்.

பழையசில்லு: டிஸ்க் போனால் பெயருக்கு வால் முளைக்காது கிளியே. இது ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். மாதம் ஒருவர் இதே கதையோடு வருகிறார், ஒருவருக்கும் விவரம் சொல்லத் தோன்றுவதில்லை. சரி, நேற்று என்ன 'இலவசமாக' இறக்கினீர்கள்?

தூங்காவிழி: வீடியோ எடிட்டர், கிராக் செய்த திருட்டுப் பிரதி. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். நான்கு எழுத்து வால். ஃபோல்டர்தோறும் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். வாலை அழித்தும் திறக்கவில்லை.

மரத்தடி: ஸ்டாப் என்ற ரேன்சம்வேர் வகை போலத் தெரிகிறது. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். இது பாஸ்வேர்டு திருடும் நிரலையும் கூடவே கொண்டுவருவது உண்டு. வேறு கருவியிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பணம் கட்ட வேண்டாம். ரீட்மீயின் கடைசியில் ஒரு ஐடி இருக்கும். அது டி1 (t1) என்று முடிந்தால் ஆஃப்லைன் கீ, அதாவது பலருக்கும் பொதுவான பூட்டுச் சாவி. எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் வெளியிட்ட இலவச டிகிரிப்டர் (பூட்டை அவிழ்க்கும் நிரல்) திறக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் இப்போதைக்கு வழியில்லை, ஆனாலும் பூட்டிய ஃபைல்களை நகல் எடுத்து வையுங்கள். இந்த வகை ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவைத்தான் பூட்டும். பெரிய வீடியோக்களைச் சில சமயம் ஒட்டுப்போட்டு மீட்கலாம். படங்கள் கஷ்டம்.

நீலத்திரை: கிளவுடில் போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பழையசில்லு: கணினியில் பூட்டியதும் அதே ஃபைல் மேலேயும் ஏறிவிடும். சிங்க் வேறு, பேக்கப் வேறு.

நீலத்திரை: பழைய பதிப்பு இருக்குமே! கூகுள் டிரைவ் 30 நாள் வைத்திருக்கிறது.

பழையசில்லு: 31ஆம் நாள் கவனித்தால்? வெளி டிஸ்க்கில் நகல் எடு, கழற்று, அலமாரியில் வை. செருகியே வைத்தால் அதுவும் சேர்ந்து போகும்.

நீலத்திரை: அலமாரியோடு டிஸ்க் திருடு போனால்?

கீச்சுக்கிளி: பேசாமல் லினக்ஸ் போட்டுவிடலாம்.

பழையசில்லு: செக்டிஸ்க்கில் கிளம்பி லினக்ஸ் வரை பறந்தாயிற்று.

மரத்தடி: கேட்டவர் எங்கே? ஐடி எப்படி முடிகிறது?

தூங்காவிழி: டி1 இல்லை. பாதிப் படங்கள் மனைவியின் போனில் இருந்தன, மீதி போச்சு. டிஸ்க்கை ஃபார்மேட் செய்து விண்டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மரத்தடி: அதற்கு முன்னால் பூட்டிய ஃபைல்களை நகல் எடுத்தீர்கள்தானே?

மரத்தடி: இருக்கிறீர்களா?