தகட்டலகா, தகடலகா: ஆண்டீஸ் மலைப் பறவைக்கு ஒரு பெயர்

அன்புடையீர்,
சிறார் பறவை நூலொன்றின் மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பெயர்தான் நிற்கிறது; ஆங்கிலத்தில் ‘பிளேட்-பில்ட் மவுண்டன் டூக்கான்’. கொலம்பியாவின் தென்மேற்கிலும் எக்குவடோரிலும், ஆண்டீஸின் மேற்குச் சரிவில், முகில் படிந்த காடுகளில் வாழும், டூக்கான் என்னும் பேரலகுப் பறவை இது. கருந்தலை, நீலச்சாம்பல் மார்பு, விலாவில் மஞ்சள் திட்டு, வாலடியில் சிவப்பு. கறுத்த மேலலகின் இருபுறமும் தந்தநிறத் தகடொன்று புடைத்திருப்பதே இதன் தனி அடையாளம். ஆண்டிஜெனா லாமினிராஸ்ட்ரிஸ் என்ற விலங்கியற்பெயரும் அதனையே சொல்கிறது. ‘மலை இருவாச்சி’ என்று எழுதிவிடலாமா?

—

இருவாச்சி வேண்டவே வேண்டாம். அது ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. டூக்கான் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே இல்லை. பேரலகு இரண்டுக்கும் தனித்தனியே வாய்த்ததே தவிர, டூக்கானுக்கு நெருங்கிய சொந்தம் குக்குறுவானும் மரங்கொத்தியும்தான். பெண் இருவாச்சி பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். டூக்கானிடம் அவ்வழக்கம் இல்லை. வால்பாறையில் இருவாச்சியைக் கண்ட பிள்ளையை ஏன் குழப்ப வேண்டும்? டூக்கானைப் பேரலகி எனத் தமிழாக்கி, ‘தகட்டலகு மலைப் பேரலகி’ என்பது என் பரிந்துரை.

—

ஐயா, ஒரே பெயரில் அலகு இருமுறை வருவது செவிக்கு இனிதன்று. அன்றியும் ‘தகடு போன்ற அலகு’ என விரித்தால் அது உவமைத்தொகை; வேற்றுமைப் பொருள் இல்லாத அல்வழிப் புணர்ச்சியில் டகரம் இரட்டாது என்பதால் ‘தகடலகு’ என்பதே நேர். தகடு பொன்னுக்கும் செம்புக்கும் உரிய சொல்லாதலின் ‘ஏடலகு’ இன்னும் சிறக்கும். டகரம் மொழிமுதல் வாராது. ‘துக்கான்’ என எழுதுக. முகில்காட்டை ‘மஞ்சுக்காடு’ என்றால் பழஞ்சொல்லொன்று உயிர்பெறும்.

—

புலவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். அலகு தகட்டைப் போன்றதன்று, தகட்டை உடையது. ஆகவே இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, டகரம் இரட்டியே தீரும். தகடு உலோகத்துக்கே உரியதென்றால், திருமுருகாற்றுப்படை மருதம்பூவைக் ‘கருந்தகட்டு உளைப்பூ’ என்பது எப்படி? அங்கே தகடு புறவிதழ். மஞ்சுக்காடு அழகுதான், ஆனால் மஞ்சுவிரட்டு அறிந்த பிள்ளைகள் அங்கே காளையைத் தேடுவார்கள். டூக்கான், தென் அமெரிக்கப் பழங்குடிகளான தூப்பி மொழியினர் தந்த பெயர். ஆங்கிலமே கடன் வாங்கியதை நாமும் வாங்குவதில் இழுக்கில்லை.

—

அனைவருக்கும் நன்றி. அந்நூலின் அடுத்த பக்கத்தில், இதே காட்டில் வாழும் ஒரு குக்குறுவானின் பொந்தை இப்பறவை பறித்துக்கொள்ளும் செய்தி வருகிறது. அக்குக்குறுவானின் ஆங்கிலப் பெயரிலும் டூக்கான் உண்டு. பேரலகி என்று வைத்தால் அதனைப் ‘பேரலகிக் குக்குறுவான்’ என்றல்லவா எழுத வேண்டும்? எனவே பெரும்பான்மைக் கருத்தை ஏற்று, ‘தகட்டலகு மலை டூக்கான்’, ‘டூக்கான் குக்குறுவான்’, ‘முகில்காடு’ என்று அச்சுக்கு அனுப்புகிறேன்.

—

தகட்டலகினை ஏற்கிறேன், மருதம்பூ என் வாயை அடைத்துவிட்டது. டகர முதலை மட்டும் ஏற்கமாட்டேன். அடுத்த பதிப்பிலேனும் ‘துக்கான்’ என்று திருத்துக.