14 சிஸ்டம் என்றார்கள், 21 ஐபி வந்தது

மஞ்சக்குப்பத்திலிருந்து, நெட்வொர்க் சர்வீஸ்:

கடலூர் முதுநகரில் ஒரு மொத்த வியாபாரக் கடை. "எங்க ஆபீஸ்ல வைரஸ் வர்ற மாதிரி ஓட்டை ஏதாவது இருக்கான்னு பாத்துக் குடு தம்பி" என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். மொத்தம் 14 சிஸ்டம் என்றார். நெட்வொர்க்கில் என்னென்ன மெஷின் இருக்கிறது என்று தேடிக் காட்டும் என்மேப்பை எடுத்து, முதலில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். 21 ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் இருக்கிற முகவரி) பதில் சொன்னது.

ரௌட்டர், வைஃபை பெட்டி, இரண்டு பிரிண்டர், கேமரா டிவிஆர், கைரேகை வருகைப் பதிவு மெஷின். இந்த ஆறையும் 14 சிஸ்டத்தோடு சேர்த்தால் 20. மிச்சம் ஒன்று. அதில் 445 போர்ட், அதாவது ஃபைல் ஷேர் செய்கிற வாசல், திறந்திருந்தது. விண்டோஸ் 7. எம்எஸ்17-010 என்கிற விண்டோஸ் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது மெஷினைத் தாக்காது, கேள்வி அனுப்பி வருகிற பதிலை வைத்தே சொல்லிவிடும். இருக்கிறது என்று வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ், நுழைந்த வழி இதுதான். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவும். அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இந்த மெஷின் அதைப் பார்க்கவே இல்லை.

சரி, மெஷின் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. மெஷின் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிங்கை ஓடவிட்டு, சுவிட்சிலிருந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டினேன். 11ஆவது கேபிளில் பிங் நின்றது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் குடோன் சுவர் வழியாகப் பரண்மேல் ஏறியது. 2015 வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது தூக்கி மேலே வைத்த சிபியு. மானிட்டர் கிடையாது. சாக்குத் தூசி அடை அடையாகப் படிந்து, ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. கீழே இருக்கிற 14 சிஸ்டத்திலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. இதில் பொட்டே இல்லை. கடையின் கணக்கில் இது இல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலாளி ஏணியைப் பிடித்துக்கொண்டே, "ஐயோ, அது பழைய பில்லு பாக்கறதுக்கு ஷேர் போட்டு வச்சதுப்பா" என்றார். உடனே நிறுத்த முடியாது, பழைய கணக்கு முழுக்க அதில்தான். அந்த ஓட்டைக்கான கேபி4012212 பேட்சை பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். பழைய ஃபைல் ஷேர் முறையான எஸ்எம்பி1ஐ அணைத்தேன். மெஷினை நிறுத்த ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறார்.

டிவிஆரில் டெல்நெட் (தூரத்திலிருந்து உள்ளே நுழைகிற பழைய வழி) திறந்து, கம்பெனி போட்ட பாஸ்வேர்டே இருந்தது. அது பத்து நிமிஷ வேலை.

புதுச்சேரி, சர்வர் நிர்வாகம்:

அண்ணே, என் அனுபவம் நேர் எதிர். தட்டாஞ்சாவடியில் ஒரு இடத்தில் ஓட்டை தேடுகிற ஸ்கேனரான ஓபன்வாஸ் ஓட்டினேன். உபுண்டு லினக்ஸ் சர்வரில், வெப்சைட்டை ஓட்டுகிற அப்பாச்சி பழைய வெர்ஷன் என்று சிவப்பில் பக்கம் பக்கமாக வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தால், பாதிக்கு மேல் ஏற்கெனவே சரிசெய்தவை. உபுண்டுக்காரர்கள் வெர்ஷன் நம்பரை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். ஸ்கேனர் வெளியிலிருந்து நம்பரைப் பார்த்துப் பழசு என்று நினைத்துக்கொள்கிறது. சர்வர் லாகின் கொடுத்து மறுபடி ஓட்டினேன், அந்த வரிகள் போய்விட்டன. அதே சமயம் வெளியிலிருந்து தெரியாத வேறு நாலு பேட்ச் பாக்கி தெரிந்தது. அந்த நாலும்தான் நிஜம். லாகின் இல்லாத ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கஸ்டமரைப் பயமுறுத்துவது பாவம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

பிரிண்டர் இருக்கிற இடத்தில் 9100 போர்ட்டைத் தொடாதீர்கள். அந்தப் போர்ட்டில் எது வந்தாலும் சில பிரிண்டர்கள் அச்சடித்துத் தள்ளும். என்மேப் வெர்ஷன் பார்க்கும்போது தானாகவே அதை விட்டுவிடும். ஒன்றுவிடாமல் பார் என்று நான் அமைத்துவிட்டேன், ஒரு ரீம் பேப்பர் போனது. இன்னொன்று, எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா அண்ணே? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, உரிமையாளர் அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்குக்குள் நுழைவதைப் பற்றித்தான் பேசுகிறது. வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

வாங்கினேன் தம்பி. கடை லெட்டர்பேடில், எந்த ஐபி வரிசை, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் என்று எழுதி, சீல் வைத்து. வியாபாரம் முடிந்து ராத்திரி 9 மணிக்கு மேல்தான் ஓட்டினேன்.

நேற்று அந்தப் பழைய கணக்கையெல்லாம் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, பழைய பில் திறக்கிறதா என்று கணக்குப்பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, பரணில் இருந்த கேபிளைக் கழற்றினேன். மறுபடி ஓட்டினேன். 20 வந்தது.