கடவுளோடு தனிப்பட்ட உறவு: உங்களை இன்னும் உறுத்துவது எது?

வெட்டவெளி:
"அவர் என்னோடு பேசுகிறார்" எல்லாரும் கேட்டதுதான், முன்னுரை வேண்டாம். என்னை உறுத்துவது அந்த இரண்டாவது காபிக் கோப்பை. மானிடவியலாளர் டான்யா லூர்மன் அமெரிக்காவின் வைன்யார்ட் என்ற கிறிஸ்தவச் சபைகளைக் கவனித்து 2012ல் எழுதியதில் வருகிறது. கடவுளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி எதிரில் வைத்துப் பேசிப் பழகச் சொல்கிறார்கள். மனதில் ஓடுவதில் எது அவருடையது என்று பிரிக்கச் சோதனைகளும் உண்டு: நாமாக நினைத்திருக்க மாட்டோம் என்று தோன்றவேண்டும், வேதம் காட்டும் கடவுளின் குணத்துக்கு ஒத்திருக்கவேண்டும், பிறர் வழியாகவோ சூழ்நிலையிலோ உறுதிப்படவேண்டும், மனதில் சமாதானம் வரவேண்டும். முதலாவதும் கடைசியும் கேட்பவரின் உணர்வு. இரண்டாவது எண்ணத்தின் உள்ளடக்கத்தைச் சலிக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பதைத் தொடுவதே இல்லை. வேதத்தில் ஊறிய மனம் வேதத்துக்கு ஒத்ததை நினைப்பதில் என்ன அதிசயம்? மூன்றாவதுக்கு மட்டும் ஒரு கால் வெளியே இருக்கிறது. அதுவும் ஒரே பிரசங்கம் கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்வதாக முடிந்துவிடலாம். கோப்பைக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாவிட்டாலும் நான்கும் தேறிவிடும்.

தறி:
உளவியலாளர் நிக்கோலஸ் எப்லி குழுவின் 2009 ஆய்வில் ஒரே ஒரு பகுதி தொண்டையில் முள்ளாக நிற்கிறது. மரண தண்டனையை ஆதரித்தோ எதிர்த்தோ உரை எழுதி காமிரா முன் பேசவைத்தார்கள். எந்தப் பக்கம் பேசுவது என்று ஆய்வாளர்கள்தான் சொன்னார்கள். பேசியவர்களின் சொந்தக் கருத்து அந்தப் பக்கம் சாய்ந்தது, இது உளவியலில் பழைய சங்கதி. ஆனால் "இதில் கடவுளின் கருத்து என்ன?" என்று கேட்டால் கடவுளும் கூடவே சாய்ந்திருந்தார்! மற்ற மனிதர்களின் கருத்தைப் பற்றிய ஊகம் அப்படிச் சாயவில்லை.

அரைநம்பிக்கை:
தறி, சாய்ந்தது கடவுள் அல்ல, அவரைப் பற்றிய ஊகம். ஊகம் தப்பினால் ஆளே இல்லை என்று ஆகிவிடுமா? டென்மார்க்கில் 20 பக்தர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துச் சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் வேண்டியதைக் கேட்கவும் சொன்னார்கள். ஜெபத்தின்போது, இன்னொருவர் மனதை ஊகிக்க உதவும் மூளைப் பகுதிகள் வேலை செய்தன, தாத்தாவிடம் கேட்டபோது அப்படி இல்லை. அவர்களுக்குக் கடவுள் ஓர் ஆள் என்பது இதில் தெரிகிறது. ஆள் இருக்கிறாரா என்பதற்கு அந்தக் கருவி எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லாது.

அப்புறம், "நம் கருத்தே கடவுள் கருத்து" என்பது எல்லா பக்திக்கும் பொருந்தாது. சிவனுக்கே நண்பர், தம்பிரான் தோழர் என்று பேர் வாங்கிய சுந்தரரைப் பாருங்கள். பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறினார், கண் போயிற்று. சிவனை ஏசிக்கொண்டே பாடினார், ஒரு கண் காஞ்சியிலும் மற்றது ஆரூரிலும் திரும்பியது என்கிறது பெரியபுராணம். இதைச் சான்றாகக் காட்டவில்லை. மறுத்துப் பேசும் கடவுளும் பக்தர்களின் கற்பனைக்கு எட்டாதவர் அல்ல என்கிறேன், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாதம் போதும், எழுதிப் பாருங்கள். ஜெபத்துக்கு முன்னால் தேதி போட்டு மூன்று வரி: கேள்வி, நீங்கள் விரும்பும் பதில், நீங்கள் எதிர்பார்க்கும் பதில். விருப்பத்தையும் எதிர்பார்ப்பையும் தனித்தனியாக எழுதாவிட்டால் பிறகு எதையும் பிரிக்க முடியாது. குறித்த நாளுக்குள் ஆம், இல்லை என்று தெரிந்துவிடும் கேள்வியாக இருக்கட்டும். "என்னை வழிநடத்தும்" என்று கேட்டால் எது நடந்தாலும் பதிலாகிவிடும். கிடைத்த பதிலை அன்றே எழுதி, உங்கள் நம்பிக்கையில் பங்கில்லாத ஒருவரிடம் கொடுங்கள், மதிப்பெண் அவர் போடட்டும். "பதில் வரவில்லை" என்பதையும் எழுதவேண்டும். கணக்கு ஓட்டையாவது பெரும்பாலும் அங்கேதான்.

இப்படி 20 தாள் சேரட்டும். நாணயம் சுண்டினாலே 20ல் 10 சரியாக வரலாம். 15 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் சுமார் 2 தடவைதான். ஆனால் வாழ்க்கைக் கேள்விகள் நாணயம் அல்ல, பாதியை முன்கூட்டியே ஊகித்துவிடலாம். ஆகவே உங்கள் எதிர்பார்ப்பு எத்தனை தடவை பலித்தது என்று எண்ணுங்கள். ஜெபத்தின் பதில் அதைத் தாண்டவேண்டும்.

நோயாளிகளை இதில் இழுக்காதீர்கள். 2006ல் வெளிவந்த ஆய்வில் 1,802 இதய பைபாஸ் அறுவை நோயாளிகள். தமக்காக ஜெபம் நடப்பது உறுதி என்று தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52, ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51.

மௌனசாட்சி:
கணக்குப்பிள்ளை, பதிலே வராதவர்களுக்கு உங்கள் தாளில் ஒரு வரிதானா? தத்துவவாதி ஷெல்லன்பர்க் 1993ல் வைத்த வாதமே அந்த வரிதான். முழு அன்புள்ள கடவுள் உறவுக்கு எப்போதும் தயாராக இருப்பார். உறவுக்கு முதலில் அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது வேண்டும். எதிர்ப்பு எதுவும் இல்லாமலே நம்ப முடியாதவர்கள் இருக்கிறார்களே? ஆகவே அப்படிப்பட்ட கடவுள் இல்லை என்பது அவர் முடிவு. "உன் இருதயம் கடினம்" என்ற வழக்கமான பதில் எனக்குப் போதவில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007ல் வெளியாயின. பல பத்தாண்டுகள் கடவுளின் இருப்பையே உணராமல் இருந்ததை எழுதியிருக்கிறார். அவருக்கும் இருதயம் கடினமா?

வெட்டவெளி:
இனி யாராவது பைபிளில் உபாகமம் 6:16ஐ எடுத்து, கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்பார்கள். நியாயாதிபதிகள் 6ஐயும் படிக்கட்டும். கடவுள் சொன்னது உறுதியா என்று பார்க்க, கிதியோன் ஆட்டுத்தோலை இரவில் வெளியே போட்டு, பனியில் தோல் மட்டும் நனையவேண்டும், தரை காய்ந்திருக்கவேண்டும் என்று கேட்டான். நடந்தது. தோல் எப்படியும் ஈரம் பிடிக்கும் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அடுத்த இரவு தலைகீழாகக் கேட்டான். கடவுள் கோபித்ததாக அங்கே இல்லை. 20 தாள் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ, கணக்குப்பிள்ளைக்கே வெளிச்சம்.